எழுத்து இடம் மாறினாலும் எப்படி வாசித்துவிடுகிறோம்?

கேள்வி இது: "ஒரு சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் போதும், நடுவில் இருப்பதை எப்படிக் கலைத்துப் போட்டாலும் மூளை வாசித்துவிடும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இதைக் கண்டுபிடித்திருக்கிறது என்று ஒரு செய்தி வருஷக்கணக்காகச் சுற்றுகிறதே, அது உண்மையா? தமிழுக்கும் பொருந்துமா?"

கலைந்த எழுத்துகளை வாசிக்க முடிகிறது என்பது உண்மை. அதற்கு அந்தச் செய்தி சொல்லும் காரணம் தவறு. கேம்பிரிட்ஜ் கதையும் தவறு. ஆனால் இதில் ஒளிந்திருக்கும் விஷயம் அந்தச் செய்தியைவிடப் பல மடங்கு சுவையானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தமிழிலேயே ஒரு வரி வாசித்துப் பாருங்கள்.

உறனவிர்கள் அவனைரும் திருணமத்துக்கு வருந்திந்தார்கள்.

பெரும்பாலானவர்கள் ஒரே மூச்சில் "உறவினர்கள் அனைவரும் திருமணத்துக்கு வந்திருந்தார்கள்" என்று வாசித்துவிடுவார்கள். வாசிக்கும்போது எங்கே தடுக்கியது என்பதையும் கவனியுங்கள். இரண்டாவது சொல்லில் 'அவனை' என்று ஒரு கணம் தோன்றியிருக்கும். கடைசிச் சொல்லில் 'வருந்தி' என்று ஆரம்பித்து, கல்யாண வீட்டில் எதற்கு வருத்தம் என்று மனம் பின்வாங்கியிருக்கும். அந்தச் சின்னத் தடுக்கலை மறக்க வேண்டாம், திரும்ப அங்கே வருவோம்.

இப்போது இந்தச் சொல்: நான்மளுறடாம்.

செய்தி சொல்லும் விதிப்படி இதிலும் முதல் எழுத்து சரி, கடைசி எழுத்து சரி. நடுவில் ஒரு எழுத்துகூடக் கூடவில்லை, குறையவில்லை. ஆனாலும் வாசிக்க வரவில்லை, இல்லையா? இது 'நாடாளுமன்றம்'. தினமும் செய்தித்தாளில் பார்க்கும் சொல்தான். அதையே 'நாளுடாமன்றம்' என்று போட்டிருந்தால் யோசிக்காமல் வாசித்திருப்பீர்கள். ஆக, நடுவில் "எப்படிக் கலைத்தாலும்" என்பது முதல் சோதனையிலேயே விழுந்துவிடுகிறது. எவ்வளவு கலைக்கிறோம், எதை எதோடு மாற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேம்பிரிட்ஜ் எங்கிருந்து வந்தது? 2003 செப்டம்பரில் ஆங்கிலத்தில் கலைத்து எழுதிய ஒரு பத்தி மின்னஞ்சலில் உலகம் முழுக்கப் பரவியது. முதலில் வந்த வடிவங்களில் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை, யாரோ பிறகு சேர்த்துவிட்டார்கள். கேம்பிரிட்ஜிலேயே மூளையும் மொழியும் பற்றி ஆய்வு செய்யும் மேட் டேவிஸ் என்பவருக்கும் அந்த மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. தன் ஊரில் அப்படி ஓர் ஆய்வு நடந்ததாக அவருக்கே தெரியவில்லை. விசாரித்துப் பார்த்து, அந்தச் செய்தியை வரிவரியாக எடுத்துவைத்து எது சரி எது தவறு என்று எழுதினார். இந்த விஷயத்தில் இன்றைக்கும் முதலில் வாசிக்க வேண்டியது அதுதான்.

உண்மையான வேர் இன்னும் பழையது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ராலின்சன் என்பவர் 1976-இல் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேடு, சொல்லுக்குள் எழுத்தின் இடம் எவ்வளவு முக்கியம் என்பதைப் பற்றியது. நடு எழுத்துகளைக் கலைத்தாலும் தேர்ந்த வாசகர்கள் பெரிதாகத் தடுமாறுவதில்லை என்று அவர் கண்டார். 1999-இல் 'நியூ சயின்டிஸ்ட்' இதழுக்கு ஒரு வாசகர் கடிதத்தில் அதைக் குறிப்பிட்டார். நான்கு வருஷம் கழித்து அது வேறு ஊர்ப் பெயரோடு உலகம் சுற்றியது.

அந்த ஆங்கிலப் பத்தி எளிதாக வாசிக்க வந்ததற்குப் பத்தியின் அமைப்பே பாதிக் காரணம். முதலும் கடைசியும் மாறக்கூடாது என்றால் மூன்று எழுத்து வரையுள்ள சொற்கள் மாறவே மாறா. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தின் எலும்புக்கூடே அந்தச் சின்னச் சொற்கள்தான். நான்கு எழுத்துச் சொல்லில் ஒரே ஒரு மாற்றம்தான் சாத்தியம், நடுவில் உள்ள இரண்டும் இடம் மாறலாம், அவ்வளவே. நீளமான சொற்களிலும் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளைத்தான் பெரும்பாலும் மாற்றியிருந்தார்கள். அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கக்கூடிய விஷயத்தையே பத்தியும் பேசியது. வேண்டுமென்றே கடினமாகக் கலைத்து, எதிர்பாராத சொற்களைப் போட்டு டேவிஸ் சில ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்திருக்கிறார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

"வாசிக்க முடிகிறது" என்பதும் "எந்தப் பாதிப்பும் இல்லை" என்பதும் ஒன்றல்ல. இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். கண் அசைவு ஆய்வில் பெரிய பெயரான கீத் ரேனரும் அவருடைய சகாக்களும் 2006-இல் கல்லூரி மாணவர்களுக்குக் கலைந்த ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்து, கண்கள் எங்கே நிற்கின்றன, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று பதிவு செய்தார்கள். ஒழுங்கான வாக்கியங்களை மாணவர்கள் நிமிஷத்துக்கு 255 சொல் என்ற வேகத்தில் வாசித்தார்கள். நடு எழுத்துகள் மாறியபோது வேகம் 227 ஆனது. சொல்லின் கடைசிப் பகுதி மாறியபோது 189. ஆரம்பம் மாறியபோது 163. அதாவது, மிக லேசான கலைப்புக்கே பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேகம் போய்விடுகிறது, தலையில் கை வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மாணவர்கள் புரிந்துகொள்ளத்தான் செய்தார்கள். ஆனால் கண் அதிக இடங்களில் நின்றது, அதிக நேரம் நின்றது, திரும்பத் திரும்பப் பின்னால் போனது. "சுலபமாக வாசித்துவிட்டேன்" என்று நமக்குத் தோன்றுவது கண் பட்ட பாடு நமக்குத் தெரியாததால்தான்.

இதை நீங்களே தமிழில் உணரலாம். 'திமருணம்' என்பதையும் 'ருதிமணம்' என்பதையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டிலும் பக்கத்தில் உள்ள இரண்டு எழுத்துகள்தான் இடம் மாறியிருக்கின்றன. ஆனால் முதலாவதில் திருமணம் தானாக எழுந்து வருகிறது. இரண்டாவதில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

செய்தி சொல்லும் காரணத்துக்கு வருவோம். "மனித மனம் ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பதில்லை, சொல்லை முழு உருவமாகப் பார்க்கிறது" என்று அது முடிக்கிறது. இந்த எண்ணத்துக்கு வயது நூற்றுக்கு மேல். 1886-இலேயே ஜேம்ஸ் கேட்டல், தனி எழுத்துகளைவிடச் சொற்களை மனிதர்கள் விரைவாக அடையாளம் காண்கிறார்கள் என்று காட்டினார். 1969-இல் ஜெரால்ட் ரெய்ச்சர், சொல்லுக்குள் இருக்கும் எழுத்து தனியாக இருக்கும் எழுத்தைவிடத் துல்லியமாகத் தெரிகிறது என்று கவனமான சோதனையில் நிறுவினார். இரண்டும் சரியான முடிவுகள். இவற்றிலிருந்து "அப்படியானால் எழுத்துகளைப் பார்ப்பதே இல்லை" என்று தாவியதுதான் தவறு. சொல் எழுத்துக்கு உதவுகிறது என்றால், எழுத்து வேண்டாம் என்று ஆகிவிடாது. 2003-இல் டெனிஸ் பெல்லியும் அவருடைய குழுவும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை இதை நன்றாகத் தீர்த்துவைக்கிறது. நாம் மிக மிகப் பழகிய சின்னச் சொல்லைக்கூட, அதன் எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தால்தான் வாசிக்க முடிகிறது. முழு உருவமாகப் பார்த்துப் பிடிப்பதாக இருந்தால் மங்கலான எழுத்திலும் சொல் தெரிந்திருக்க வேண்டும். தெரிவதில்லை.

யோசித்துப் பார்த்தால், கலைந்த சொல்லை வாசிக்க முடிவதே அந்த "முழு உருவம்" என்ற வாதத்துக்கு எதிரான சாட்சி. கலைத்தபோது உருவம்தானே முதலில் கெட்டுப்போனது? மாறாமல் நின்றது எழுத்துகள்தான். மூளை எல்லா எழுத்தையும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் எந்த எழுத்து எந்த இடத்தில் இருந்தது என்பதைக் கொஞ்சம் தளர்வாகப் பதிவு செய்கிறது. இதுதான் முழுக் கதையின் மையம்.

இந்தத் தளர்வு ஆராய்ச்சியாளர்களுக்கே ஓர் அதிர்ச்சியாக இருந்தது. 1981-இல் மெக்கிளெலண்டும் ரூமெல்ஹார்ட்டும் வாசிப்புக்கு ஒரு கணினி மாதிரி அமைத்தார்கள், இந்தத் துறையில் மிகப் புகழ்பெற்றது. அதில் சொல்லுக்கு முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று தனித்தனி அறைகள். ஒவ்வோர் அறையிலும் எந்த எழுத்து இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. அந்தக் கணக்குப்படி இரண்டு எழுத்துகள் இடம் மாறினால் இரண்டு அறைகளிலும் தவறான எழுத்து. வேறு இரண்டு எழுத்துகளைக் கொண்டு வந்து போட்டாலும் இரண்டு அறைகளில் தவறான எழுத்து. இரண்டும் ஒரே அளவு கெட வேண்டும். 'திமருணம்' என்பதும் 'திகடணம்' என்பதும் திருமணத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். உங்கள் கண்ணுக்கு அப்படியா தெரிகிறது?

மானுவல் பெரேயாவும் ஸ்டீபன் லுப்கரும் 2003-இலும் 2004-இலும் இதைச் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். நீதிபதி என்று பொருள்படும் 'ஜட்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் டி-யும் ஜி-யும் அடுத்தடுத்து வரும். அவற்றை இடம் மாற்றிய வடிவத்தைக் கண் உணராத வேகத்தில் மின்னவிட்டு, உடனே சரியான சொல்லைக் காட்டினால் அதை விரைவாக அடையாளம் காண்கிறார்கள். அந்த இரண்டுக்கும் பதில் வேறு எழுத்துகளைப் போட்டு மின்னவிட்டால் அந்த உதவி கிடைப்பதில்லை. பக்கத்தில் இல்லாத எழுத்துகளுக்கும் இது பொருந்துகிறது. 'கேசினோ' என்ற சொல்லில் எஸ்-ஸையும் என்-னையும் மாற்றினாலும் உதவி கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அப்படி மாறியவை மெய்களாக இருந்தால்தான் இது நடந்தது. உயிர்களை மாற்றியபோது நடக்கவில்லை.

இதை எப்படி விளக்குவது? ஒரு வழி, மூளை எழுத்துகளை ஜோடிகளாகக் குறித்துக்கொள்கிறது என்பது. கரோல் விட்னி, ஜொனாதன் கிரேன்ஜர் போன்றவர்கள் முன்வைத்த யோசனை இது. 'திருமணம்' என்பதில் ஐந்து எழுத்துகள். "தி-க்குப் பிறகு ரு, தி-க்குப் பிறகு ம, ரு-வுக்குப் பிறகு ண" என்று முன்பின் ஜோடிகளை எண்ணினால் 10 வரும். 'திமருணம்' என்று மாற்றும்போது ரு-வும் ம-வும் சேர்ந்த ஒரே ஒரு ஜோடிதான் தலைகீழாகிறது, மீதி 9 அப்படியே. 'திகடணம்' என்று எழுத்தையே மாற்றினால் மிஞ்சுவது 3. கண்ணுக்குத் தோன்றும் வித்தியாசம் இதில் அப்படியே வந்துவிடுகிறது. நாடாளுமன்றத்தையும் இப்படிப் பார்க்கலாம். முதலையும் கடைசியையும் விட்டுவிட்டால் உள்ளே ஐந்து எழுத்துகள், 10 ஜோடிகள். 'நாளுடாமன்றம்' என்பதில் உடைந்தது 1. 'நான்மளுறடாம்' என்பதில் உடைந்தது 7. போதாக்குறைக்கு 'நான்' என்ற வேறு சொல் முன்னால் வந்து நின்று வழிமறிக்கிறது.

ஆனால் ஜோடிக் கணக்கு மட்டும் போதாது. 'ருதிமணம்' என்பதிலும் ஒரே ஒரு ஜோடிதான் உடைகிறது, இருந்தும் அது கடினம். ஓரத்து எழுத்துகளுக்கு மூளை கூடுதல் எடை கொடுக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால்தான் கணக்கு ஒத்துவரும். அந்தக் கூடுதல் எடைக்குக் கண்ணிலேயே ஒரு காரணம் இருக்கிறது. நெருக்கமாக நிற்கும் உருவங்கள் ஒன்றையொன்று மங்கச்செய்யும். நடுவில் உள்ள எழுத்துக்கு இரண்டு பக்கமும் நெருக்கடி. முதலெழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் ஒரு பக்கம் வெற்றிடம், அதனால் அவை தெளிவாகத் தெரிகின்றன. அதோடு, மனதுக்குள் சொற்களைத் தேடி எடுப்பதும் ஒலிப்பதும் முதலெழுத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

இன்னொரு விளக்கம் இதைவிட எளிமையானது. எழுத்தின் இடத்தை மூளை ஒரு புள்ளியாகக் குறிப்பதில்லை, கொஞ்சம் பரவலாகவே குறிக்கிறது, அதனால் பக்கத்து இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்று 2008-இல் கோமெஸ், ராட்கிளிஃப், பெரேயா மூவரும் சொன்னார்கள். எந்த விளக்கம் சரி என்ற விவாதம் முடியவில்லை. என் சொந்தக் கருத்து, இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்கக்கூடும். கண்ணின் மட்டத்தில் இடம் கலங்குவது ஒன்று, அதற்கு மேல் சொல்லின் மட்டத்தில் வரிசையைத் தளர்வாக வைத்திருப்பது இன்னொன்று.

நம் பக்கத்து ஊரிலிருந்தே இதற்கு ஒரு நல்ல பங்களிப்பு வந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆகாஷ் அகர்வால், ஹரி, எஸ்.பி. அருண் மூவரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, கலைந்த சொல்லை வாசிப்பதை எழுத்துகளின் உருவத்திலிருந்தே தொடங்கி விளக்குகிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் பார்வை நரம்பணுக்களில் ஏற்படும் தூண்டலை எடுத்து, இடத்துக்கு ஏற்ப எடை போட்டுக் கூட்டினாலே முழுச் சொல்லுக்கான தூண்டல் கிடைத்துவிடுகிறது என்கிறார்கள். கலைந்த வடிவத்தின் கூட்டுத்தொகை மூலச் சொல்லின் கூட்டுத்தொகைக்கு நெருக்கமாக இருந்தால் நாம் ஏமாறுகிறோம், தள்ளி இருந்தால் தடுமாறுகிறோம். இதற்கு முந்தைய வருஷம் இதே குழு தெலுங்கு வாசகர்களையும் மலையாள வாசகர்களையும் ஒப்பிட்டது. ஒரு எழுத்துமுறையைச் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு, சேர்ந்து நிற்கும் எழுத்துகள் ஒன்றில் ஒன்று கலப்பது குறைகிறது, ஒவ்வோர் எழுத்தும் தனித்து நிற்கிறது என்பது அவர்கள் கண்டது. வாசிப்பில் தேர்ச்சி கூடக்கூட எழுத்து மங்கிச் சொல் ஒரே உருவமாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது நேர் எதிரான பதில்.

மொழியே தெரியாத பிராணிக்கும் இந்தத் தளர்வு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் மார்சேய் அருகே கிரேன்ஜர் குழுவினர் பபூன் குரங்குகளுக்குத் தொடுதிரையில் நான்கெழுத்து ஆங்கிலச் சொற்களையும் சொல் அல்லாதவற்றையும் பிரித்தறியப் பழக்கினார்கள். 2012-இல் அது 'சயின்ஸ்' இதழில் வந்தது. அவற்றில் டான் என்ற குரங்கு முந்நூறுக்கும் மேற்பட்ட சொற்களைக் கற்றது. பிறகு எழுத்து இடம் மாறிய வடிவங்களைக் காட்டியபோது, நம்மைப் போலவே குரங்குகளும் அவற்றைச் சொல் என்று ஏமாந்தன. ஆக, இது ஒலியிலிருந்தோ பொருளிலிருந்தோ மட்டும் வருவதில்லை. உருவங்களின் வரிசையைப் பார்வை மண்டலம் கையாளும் விதத்திலேயே இதற்கு வேர் இருக்கிறது.

சரி, தமிழுக்கு இது எப்படிப் பொருந்தும்? இங்கே முதல் சிக்கல், எதைக் கலைப்பது என்பதே. ஆங்கிலத்தில் எழுத்து என்றால் எழுத்து. தமிழில் 'கோ' என்பது வாசகருக்கு ஒரே எழுத்து, ஆனால் தாளில் கொம்பும் க-வும் துணைக்காலும் என மூன்று உருவங்கள். கணினிக்குள் அது மெய்க்கு ஒரு குறியீடு, உயிர்க்குறிக்கு ஒரு குறியீடு. ஆங்கிலத்துக்காக எழுதிய கலைக்கும் நிரல்களில் தமிழைப் போட்டால் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாகச் சிதறி, புள்ளி வட்டங்களாக வந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத் தமிழில் இது வேலை செய்யாது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. கலைத்த விதம்தான் தப்பு. முழு எழுத்துகளை அலகாக எடுத்துக் கலைத்தால் தமிழிலும் நன்றாகவே வேலை செய்கிறது, மேலே பார்த்தோமே.

ஆனால் எழுத்துக்கு உள்ளே கை வைத்தால் நிலைமை வேறு. 'கடிதம்' என்பதில் எழுத்துகளை மாற்றினால் 'கதடிம்', இதைக் கொஞ்சம் முயன்றால் பிடிக்கலாம். உயிர்க்குறியை மட்டும் நகர்த்தினால் 'கிடதம்'. கண்ணுக்குச் சின்ன மாற்றம்தான். இருந்தும் மனம் இதை இடம் மாறிய கடிதமாகப் பார்ப்பதில்லை, வேறு ஏதோ சொல்லாகப் பார்க்கிறது. க-வும் போய்விட்டது, டி-யும் போய்விட்டது, புதிதாக இரண்டு எழுத்துகள் வந்துவிட்டன. கொரிய மொழியில் இதற்கு இணையான ஆய்வு இருக்கிறது. அங்கே எழுத்துக்கூறுகளைச் சதுரக் கட்டங்களாக அடுக்கி எழுதுவார்கள். கட்டங்களை இடம் மாற்றிய பத்திகள் அங்கேயும் இணையத்தில் பிரபலம், கொரியர்கள் சிரமமில்லாமல் வாசிக்கிறார்கள். ஆனால் கட்டங்களுக்கு உள்ளே இருக்கும் மெய்களை இடம் மாற்றினால், ஆங்கிலத்தில் காணும் அந்தத் தளர்வு காணப்படுவதில்லை என்று லீ, டாஃப்ட் இருவரும் 2009-இல் காட்டினார்கள். கட்டத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் இடம் தெளிவாக வரையறுக்கப்பட்டிருப்பதே காரணம். தமிழ் உயிர்மெய்யும் இதே வழிதான் என்று நினைக்கிறேன்.

புள்ளி எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். 'மருத்துமவனை' என்றால் மருத்துவமனை என்று உடனே தெரிகிறது. 'மத்ருதுவமனை' என்றால் நாக்கும் கண்ணும் சேர்ந்து தடுக்குகின்றன. இரண்டிலும் பக்கத்து எழுத்துகள் ஒரு முறைதான் மாறியிருக்கின்றன. வித்தியாசம், இரண்டாவதில் த்-ஐ அதன் து-விடமிருந்து பிரித்துவிட்டோம். தமிழில் எந்த மெய்க்குப் பிறகு எது வரலாம் என்பதற்குக் கறாரான ஒழுங்கு உண்டு. தொல்காப்பியம் இதை மெய்ம்மயக்கம் என்று நூன்மரபிலேயே பேசுகிறது. க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே வரும். த் கண்ணில் பட்டாலே அடுத்து த-வரிசையில் ஒன்று என்று தமிழ்க் கண்ணுக்குத் தெரியும். த்து, ந்து, ட்டு, க்க போன்றவற்றை நாம் ஏறக்குறைய ஒரே கட்டியாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். தமிழைக் கலைத்து எழுதி எளிதாக வாசிக்க வைக்க வேண்டுமென்றால் இந்தக் கட்டிகளை உடைக்கக்கூடாது. நான் முதலில் கொடுத்த வரியில் ஒரு கட்டியையும் உடைக்கவில்லை.

தமிழின் நீளமான சொற்களும் கைகொடுக்கின்றன. 'தோட்டத்திருலிந்து' என்பதை எத்தனை பேர் பிழையாகவே கவனிக்காமல் கடந்துபோவார்கள்! 'இலிருந்து' என்ற உருபு வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்தது. லி-யோ ரு-வோ கண்ணில் பட்டவுடன் மீதியை மனம் நிரப்பிக்கொள்கிறது. தலைப்பகுதியில் 'தோத்ட்டதிலிருந்து' என்று கை வைத்தால் அந்தச் சலுகை இல்லை. பகுதிக்கும் விகுதிக்கும் இடையிலான எல்லையைத் தாண்டி எழுத்து மாறினால் வாசிப்பு அதிகம் பாதிக்கிறதா என்று மற்ற மொழிகளில் ஆராய்ந்திருக்கிறார்கள், முடிவுகள் இரண்டு விதமாகவும் வந்திருக்கின்றன. தமிழ் மாதிரி ஒட்டிக்கொண்டே போகும் மொழியில் இதைச் செய்து பார்ப்பது மிகப் பொருத்தமாக இருக்கும்.

எல்லா மொழியும் இந்தத் தளர்வை அனுமதிப்பதில்லை என்பதற்கு ஹீப்ரு நல்ல உதாரணம். அங்கே பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்கள் கொண்ட வேரிலிருந்து வருபவை. அதே மூன்று மெய்களை வேறு வரிசையில் வைத்தால் பெரும்பாலும் வேறொரு வேர் கிடைத்துவிடும். ஹடாஸ் வெலான், ராம் ஃப்ராஸ்ட் இருவரும் 2007-இல், ஆங்கிலமும் ஹீப்ருவும் நன்றாகத் தெரிந்த வாசகர்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தில் எழுத்து மாறியபோது பெரிய பாதிப்பில்லை. அதே ஆட்கள் ஹீப்ருவில் வேரின் எழுத்து மாறியபோது கடுமையாகத் தடுமாறினார்கள். மூளை ஒன்றுதான். வரிசையைத் தளர்வாக விட்டால் எந்த மொழியில் ஆபத்து என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. தமிழிலும் அப்படிச் சில இடங்கள் உண்டு. நகரம் என்பதில் நடுவே உள்ள இரண்டு எழுத்துகளை மாற்றினால் நரகம். இங்கே மூளை பெருந்தன்மையாகத் திருத்திக்கொள்ளாது, எழுதியிருப்பதையே வாசிக்கும். முதலில் பார்த்த 'அவனை', 'வருந்தி' தடுக்கல்களும் இதே வகைதான். கலைந்த எழுத்துகளுக்குள் வேறொரு உண்மையான சொல் உருவாகிவிட்டால் அது போட்டிக்கு வந்துவிடுகிறது. நாம் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்கவில்லை என்றால் அந்த 'வருந்தி' எங்கிருந்து வந்தது?

இந்த எழுத்து வரிசையைச் சரியாகப் பிடிக்க முடியாமல் அவதிப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். நாமா ஃப்ரீட்மன், அவியா க்வியோன் இருவரும் 2001-இல் ஹீப்ரு வாசகர்களிடம் இதைத் தனி வகை வாசிப்புக் குறைபாடாக அடையாளம் காட்டினார்கள். எழுத்துகள் எல்லாம் சரியாகத் தெரியும், பெயர் சொல்லவும் வரும். சொல்லாக வாசிக்கும்போது நடு எழுத்துகள் இடம் மாறிவிடும். பிற்பாடு குழந்தைகளிடமும் இது பிறவியிலேயே இருப்பதைக் கண்டார்கள். ஹீப்ருவில் வரிசை மாறினால் வேறு சொல் கிடைத்துவிடுவதால் குறை சட்டென்று வெளியே தெரிகிறது. மாறினாலும் வேறு சொல் கிடைக்காத மொழிகளில் வாசகர் ஊகித்துச் சமாளித்துவிடுவார், குறை மறைந்தே இருக்கும். ஒரு குழந்தை நகரத்தை நரகம் என்றோ, அதைப் போன்ற வேறு சொற்களையோ அடிக்கடி மாற்றி வாசித்தால் கவனக்குறைவு என்று திட்டுவதற்கு முன்னால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

அந்தச் செய்தி எனக்குக் கவலை தருவதும் குழந்தைகள் விஷயத்தில்தான். "எழுத்துப்பிழை முக்கியமில்லை, மூளை பார்த்துக்கொள்ளும்" என்று அதைக் காட்டிப் பேசுகிறவர்களைப் பார்க்கிறேன். கலைந்த சொல்லை உங்களால் மீட்க முடிவது, சரியான வடிவத்தை ஆயிரக்கணக்கான தடவை பார்த்து மனதில் பதித்துவைத்திருப்பதால். அந்தச் சேமிப்பு இல்லாத ஆறு வயதுக் குழந்தையிடம் 'திமருணம்' என்று காட்டினால் தி-ம-ரு-ண-ம் என்றுதான் வாசிக்கும், அதற்கு மேல் போக வழியில்லை. தமிழை இப்போதுதான் கற்கும் பெரியவருக்கும் அதே கதி.

மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தளர்வு தினசரித் தொல்லை. நாம் எழுதியதில் நம் பிழை நமக்குத் தெரிவதில்லை. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிவதால் கண் குறைந்த நேரமே நிற்கிறது, இடம் மாறிய எழுத்து நழுவிவிடுகிறது. அதிலும் நீளமான சொல்லின் நடுவில், விகுதிப் பக்கம் உள்ள பிழைதான் கடைசி வரை தப்பும். பத்தியைக் கடைசி வாக்கியத்திலிருந்து பின்னோக்கிப் பார்ப்பது, சத்தமாக வாசிப்பது, வேறு எழுத்துருவில் பெரிதாக அச்செடுத்துப் பார்ப்பது எல்லாம் ஊகத்தின் கையைக் கட்டிப்போட்டு, கண்ணை எழுத்தின் மேல் நிறுத்தும் வேலைகள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால், அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு செய்திக் கட்டுரையிலிருந்து சம நீளமுள்ள நான்கு பத்திகளை எடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றில் நீளமான சொற்களின் நடுவில் பக்கத்து எழுத்துகளை மட்டும், கட்டிகளை உடைக்காமல் மாற்றுங்கள். ஒன்றில் முதல் இரண்டு எழுத்துகளை மாற்றுங்கள். கடைசிப் பத்தியில் புள்ளி எழுத்துகளை அவற்றின் துணையிடமிருந்து பிரித்துவிடுங்கள். மாற்றும் எண்ணிக்கை மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். வீட்டில் ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, கைபேசியில் நேரத்தைப் பாருங்கள். மறுபடி வாசிக்கும்போது நினைவு உதவிக்கு வந்துவிடும், அதனால் ஒருவருக்கு ஒரு பத்தியை ஒரு தடவைதான் கொடுக்க வேண்டும். வேறொருவருக்குக் கொடுக்கும்போது பத்திகளின் வரிசையை மாற்றிக் கொடுங்கள். நேரத்தோடு, எந்தச் சொல்லில் நின்றார்கள், என்ன சொல்லாக முதலில் தவறாக வாசித்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.